இருநூறு மில்லிமீட்டரில் ஒரு தறி ஷெட்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு நகரி பக்கத்து ஏரி ஒன்றின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்திருந்தேன். நூறடி டேப்பின் ஒரு நுனியை எல்லைக் கல்லோடு சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தேன். மறு நுனி வி.ஆர்.ஓ. கையில் — அதாவது, கிராம வருவாய் அலுவலர். சுற்றிலும் பதினைந்து பேர்.

திருப்பதியில் ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவளுக்கு ஏரிக்கரையில் என்ன வேலை?

எல்லாம் ஒரு லென்ஸால் வந்தது. இப்படித்தான் முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். லென்ஸை வாங்கியதும் நான், நீட்டியதும் நான்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் லென்ஸ் பழக்கம். புதியவர்களுக்காக ஒரு அறிமுகம். எழுபதிலிருந்து இருநூறு மில்லிமீட்டர் வரை போகிற டெலிபோட்டோ ஜூம். கல்யாண போட்டோக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் தோளில் மாட்டிக்கொண்டு போவார்களே, அந்த ரகம். சித்தூரில் ஒரு ஸ்டுடியோக்காரரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. எடை ஆயிரத்து நானூற்று எண்பது கிராம் — சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “இது லென்ஸா, குக்கரா? எத்தனை விசில் விடணும்?” என்று கேட்டார்.

கேலி செய்யட்டும். எத்தனை யோசித்துச் செய்திருக்கிறார்கள் தெரியுமா?

ஜூம் வளையத்தைத் திருப்பினால் குழாய் வெளியே நீளாது, உள்ளுக்குள்ளேயே நகர்ந்துகொள்ளும். கேமராவோடு சேரும் இடத்தில் மெல்லிய ரப்பர் வளையம் — தூறல், தூசி புகாமல் இருக்க. அடியில் கால் மாதிரி ஒரு பிடி. ஸ்டாண்டில் மாட்டும்போது கேமராவை மாட்டக் கூடாது, அந்தக் காலைத்தான் மாட்ட வேண்டும். கனம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில்தானே தாங்கு கொடுக்க வேண்டும்?

பக்கவாட்டில் நான்கு ஸ்விட்ச். ஒன்று, ஃபோகஸை லென்ஸே பார்த்துக்கொள்வதா, நான் பார்ப்பதா என்பதற்கு. இரண்டாவது, மூன்று மீட்டருக்கு உள்ளே இருப்பதைத் தேடி நேரத்தை வீணாக்காதே என்று லென்ஸுக்குச் சொல்வதற்கு. மூன்றாவது, கை நடுக்கத்தைச் சரிக்கட்ட. நான்காவது அதற்குத் துணை — ஓடுகிற பஸ்ஸைக் கேமராவால் தொடர்ந்து போகும்போது, பக்கவாட்டு அசைவை விட்டுவிட்டு மேல்-கீழ் ஆட்டத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். ஐம்பத்தொரு வயதுக் கைக்கு இதைவிட என்ன உபகாரம் வேண்டும்?

எல்லாவற்றுக்கும் மேலே, இதன் பெரிய பெருமை 2.8 என்கிற அகலத் திறப்பு. ஜூமை எவ்வளவு இழுத்தாலும் அது குறையாது. மண்டபத்து மங்கல் வெளிச்சத்திலும் படம் விழும். அப்படி அகலத் திறந்து வைத்தால் இன்னொன்றும் நடக்கும். நீங்கள் பார்க்கிற முகம் மட்டும் கூர்மையாக நிற்கும். பின்னால் இருப்பதெல்லாம் பஞ்சாகக் கலைந்துபோகும். இதற்காகவே பலர் இந்த லென்ஸை வாங்குகிறார்கள்.

எனக்கு அது பிடிக்காது. பின்னால் இருப்பது என்னவென்று தெரிய வேண்டாமா? பாதித் தகவலோடு ஒரு படமா? அதனால் நான் திறப்பைப் பதினொன்றுக்குச் சுருக்கிவிடுவேன். முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது, எல்லாம் தெளிவு. இந்தப் பழக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

இன்னொரு பழக்கம், நோட்டு. எடுக்கிற ஒவ்வொரு முக்கியமான படத்துக்கும் ஒரு வரி. தேதி, நேரம், இடம், எத்தனை மில்லிமீட்டர், எந்தத் திறப்பு. கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு — ‘எங்கே நின்றேன்’. ஏன் அந்தக் கட்டம் என்று வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். அந்த இடத்துக்குத் திரும்பப் போக வேண்டி வந்தால்? என்று சொல்வேன். ஒரு நாளும் போனதில்லை... செவ்வாய்க்கிழமை வரை.

லென்ஸ் வந்த புதிதில், திருச்சானூரில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து மலையை எடுத்தேன். இருநூறில் பார்த்தால், பக்கத்துத் தெரு வாட்டர் டேங்க் மேலேயே மலை உட்கார்ந்திருந்தது. பாதையில் ஏறுகிற பஸ்கூடத் தெரிந்தது. நூலகத்தில் காட்டினேன். “மலை உங்க வீட்டுக்குப் பின்னாடியேவா மேடம்?” என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார். ஆமாம் என்று சொல்லிச் சிரித்தேன்.

அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஏரிக்கு வருவோம். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. பெயர் எழுதவில்லை, காரணம் போகப் போகத் தெரியும். மஞ்சள் மூக்கு நாரைகள் வந்திருக்கின்றன என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் போய் நின்றேன். தண்ணீருக்குள் ஒரு கருவேல மரம். அதில் பதினோரு நாரைகள். கரைமேல் நின்றால் மேலிருந்து பார்ப்பது போல இருந்தது. நாரையின் கண்மட்டத்துக்கு வர வேண்டுமே என்று இறங்கி, மதகுக்குப் பக்கத்தில், தண்ணீர் ஓரமாகச் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். இருநூறு மில்லிமீட்டர். திறப்பு பதினொன்று. ஒரு நாரை இறக்கையை விரித்தது. எடுத்தேன்.

அருமையான படம். இன்றைக்கும் சொல்கிறேன், அருமையான படம்.

ஏரிகளில் அக்கறை உள்ளவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அதில் போட்டேன். எந்த ஏரி என்று எழுதி, ஓரத்தில் என் பெயரையும் சேர்த்திருந்தேன். பாராட்டுகள் வந்தன. நாரைக்குப் பின்னால் ஒரு தகர ஷெட் இருந்தது. “ஷெட் கதவில் காயப்போட்ட சிவப்புத் துண்டுகூடத் தெரியுது மேடம், என்ன ஒரு ஷார்ப்!” என்று ஒருவர் எழுதினார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்கவில்லை. நன்றி சொல்லிக் கைகூப்பி ஒரு பொம்மையும் போட்டேன்.

புதன்கிழமை அதே படம் திரும்பி வந்தது. ஷெட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே ஒரு வரி — ‘ஏரிக்குள்ளேயே ஷெட் கட்டியாச்சு! கேட்பார் இல்லையா?’

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஷெட் தண்ணீரை ஒட்டித்தான் நின்றது. நாரைகளின் கால் நனைகிற அதே தண்ணீர், ஷெட்டின் சுவர்வரை போகிறது. நடுவில் ஒரு மெல்லிய பச்சைக்கோடு. அவ்வளவுதான். எடுத்தவளுக்கே அப்படித்தான் தெரிந்தது! அன்றைக்கு நேரில் பார்த்தேனா? பார்த்தது நாரையை. ஷெட்டை நான் பார்க்கவில்லை, லென்ஸ் பார்த்தது.

நோட்டைப் புரட்டினேன். ‘எங்கே நின்றேன்: மதகுக்கு அருகே, தரையில் உட்கார்ந்து. மரம், சுமார் எண்பது மீட்டர். ஷெட் —’ அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

ஏன் கேள்விக்குறி? லென்ஸின் முதுகில் தூரம் காட்ட ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. மூன்று, ஐந்து, பத்து, முப்பது மீட்டர் என்று எண்கள். முப்பதைத் தாண்டினால் படுத்த எட்டு மாதிரி ஒரு குறி — முடிவிலி. எண்பது மீட்டரும் அதற்குள். முந்நூறு மீட்டரும் அதற்குள். அவ்வளவு நுணுக்கமான கருவிக்கு, ஓரளவுக்கு மேல் எல்லாத் தூரமும் ஒரே தூரம்தான்.

கேள்விக்குறி போட்டவள் அதைக் குழுவில் சொல்லியிருக்கலாம். ‘ஷெட் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது’ — ஒரே வரி. சொல்லவில்லை. ஏரியைக் காப்பாற்ற நினைப்பவர்களிடம் போய் எதற்கு வாதம் என்று இருந்துவிட்டேன். படத்தின் பெயர் பரவுவதும் கசக்கவில்லை. ஒன்பது நாள் அப்படியே போயிற்று.

பத்தாவது நாளான வெள்ளிக்கிழமை மாலை ஒரு போன்.

“போட்டோ புடிச்ச மேடமா பேசறது?”

“ஆமாம்மா. யாரு?”

“அந்த போட்டோவுல ஒரு ஷெட்டு கீதே... அது எங்களுது.”

பெயர் செல்வி. வீட்டுக்காரர் ஏகாம்பரம். நான்கு விசைத்தறி, லுங்கித் துணி நெய்கிறார்கள். படத்தின் ஓரத்தில் இருந்த என் பெயரை வைத்து, நாலு பேரிடம் விசாரித்து நம்பரைப் பிடித்திருக்கிறார். கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். சிவப்பு வட்டம் போட்ட படத்தை யாரோ அச்செடுத்து மண்டல ஆபீஸில் மனுவாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆபீஸிலிருந்து வந்தவர்கள் தறியை நிறுத்தச் சொல்லவில்லை. விசாரணை முடியும் வரை புதிதாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதில் என்ன நஷ்டம் என்று நான் கேட்டது அறியாமையால்.

“பாவு முடிஞ்சிபோச்சி மேடம்,” என்றார் செல்வி. “ரெண்டு தறி சும்மா நின்னுக்கினு கீது. புதுப் பாவு ஏத்திட்டா நடுவுல கழட்ட முடியாது. ஷெட்ட இடிக்கப் போறாங்களா, இல்லியா? அத்த தெரிஞ்சிக்காம எப்டி ஏத்தறது?”

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். உருளையில் ஆயிரக்கணக்கான இழைகளாகச் சுற்றி வரும். தறியில் ஏற்றிவிட்டால் துணியாகித்தான் வெளியே வர முடியும். பாதியில் இறக்கினால் அத்தனையும் சிக்கு. நூல் கொடுப்பவர் புதன்கிழமை வரை பார்ப்பாராம். அதற்குள் ஏற்றவில்லை என்றால் பாவு வேறு ஷெட்டுக்குப் போய்விடும். ஒருமுறை வேறு ஷெட்டுக்குப் போன பாவு திரும்பி வருவது கஷ்டம் என்றார்.

போனை வைக்கும் முன் ஒன்று கேட்டார். “எங்க ஷெட்டு தண்ணிலயா கீது மேடம்? நீ சொல்லு. நீதானே பாத்த?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அதுதான் வெட்கம்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு மண்டல ஆபீஸுக்குப் போனேன். கையில் நோட்டு, தோளில் ஆயிரத்து நானூற்று எண்பது கிராம். வி.ஆர்.ஓ. முப்பதைத் தாண்டாத மனிதர். பாதி தெலுங்கு, பாதி தமிழ். மேஜைமேல் என் படம், கறுப்பு வெள்ளை அச்சில். அதிலும் துண்டு தெரிந்தது.

லென்ஸைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். இரண்டு நிமிடத்தில் அவர் கண் கடிகாரத்துக்குப் போய்விட்டது. வாயால் சொல்லி ஆகாது என்று புரிந்தது. அவர் பைக் எங்கே நிற்கிறது என்று கேட்டேன். கேட் ஓரமாக நின்றது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், தள்ளி, ஒரு டீக்கடை. வராந்தாவின் கடைசிக்குப் போய், படியில் உட்கார்ந்து, இருநூறில் ஒரு படம் எடுத்துக் காட்டினேன். பைக் சீட்டின் மேலேயே பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. ஆவிகூட வந்தது.

அவர் உற்றுப் பார்த்தார். நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தார். மறுபடி கேமராவைப் பார்த்தார்.

“நா பண்டி மீதனே டீ பெட்டேஸாரே!” என்றார். என் வண்டி மேலேயே டீ போட்டுவிட்டார்களே என்று.

உள்ளே இருந்து இன்னும் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். சிரித்தார்கள். காரியம் முடிந்தது என்று நினைத்தேன். வி.ஆர்.ஓ. சிரிப்பை நிறுத்தினார்.

“போட்டோ சரே மேடம். கொலதலு காவாலி.” போட்டோ இருக்கட்டும், அளவு வேண்டும் என்கிறார். “இந்த போட்டோவ நம்பி அவர் மேல எழுதினா தப்புன்னா, அந்த போட்டோவ நம்பி உங்களுக்கு எழுதறதும் தப்பு இல்லையா?”

எனக்கு அவரை அந்த இடத்தில் மிகவும் பிடித்துப்போயிற்று.

இப்படித்தான் நான் செவ்வாய்க்கிழமை டேப்பின் நுனிக்கு வந்தேன். ஏரி வரைபடத்தை வைத்து முதலில் எல்லைக் கல்லைக் கண்டுபிடித்தார்கள். செடிக்குள் புதைந்து கிடந்தது. டேப்பை யார் பிடிப்பது என்று கேள்வி வந்தது. ஏகாம்பரம் அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தோளில் அந்தச் சிவப்புத் துண்டு.

“போட்டோ புடிச்ச கை, டேப்பையும் புடிக்கட்டும்,” என்றார்.

பிடித்தேன். வி.ஆர்.ஓ. ஷெட்டை நோக்கி நடந்தார். நூறடி. நான் எழுந்து அவர் நின்ற இடத்துக்குப் போய்க் குந்தினேன். மறுபடி நூறடி. வேர்க்கடலைக் கொல்லை. மறுபடி. ஒரு பம்ப்செட். மறுபடி நூறு. இத்தனை நிலம் அந்தப் படத்தில் எங்கே போயிருந்தது? அந்த மெல்லிய பச்சைக்கோடு — அதற்குள்தான் இவ்வளவும் மடிந்து கிடந்தது. ஐந்தாவது தடவை அறுபத்திரண்டு அடியில் டேப் ஷெட்டின் சுவரைத் தொட்டது.

நானூற்று அறுபத்திரண்டு அடி. தண்ணீர் நிரம்பினாலும் தொடாத தூரம்.

வி.ஆர்.ஓ. பைக் சீட்டில் காகிதத்தை வைத்து, தெலுங்கில் நாலு வரி எழுதிப் படித்துக் காட்டிக் கையெழுத்துப் போட்டார். அவர் பேனாவை மூடுவதற்குள் செல்வி நூல்காரருக்குப் போன் போட்டுவிட்டார்.

நான் ஏகாம்பரத்திடம் போய் மன்னிப்பு மாதிரி ஏதோ சொன்னேன். உயரமாகக் கரைமேல் நின்று, எழுபது மில்லிமீட்டரில் எடுத்த புதுப் படத்தையும் காட்டினேன். ஏரி, கல், கொல்லை, பம்ப்செட், அதற்கும் பின்னால் சின்னதாக ஷெட். இதையும் குழுவில் போட்டுவிட்டேன் என்றேன்.

அவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “அளந்தது இங்க கீற பதினைஞ்சு பேருக்குத் தெரியும். அந்த போட்டோ எத்தினி பேருக்குத் தெரியும் மேடம்?”

புதுப் படத்துக்கு இதுவரை விழுந்தவை இரண்டு கட்டைவிரல். ஒன்று என் வீட்டுக்காரருடையது. வட்டம் போட்டவரிடம் பேசினேன். பெங்களூரில் இருக்கிறார். மரியாதையாகத்தான் பேசினார், ஏரிமேல் உள்ள அக்கறையில் செய்தது என்றார். நம்புகிறேன். அந்த ஏரியை அவர் பார்த்ததே இல்லை. தான் போட்ட வட்டத்தை எடுத்துவிட்டார். ஆனால் பரவியதை? நேற்றுக் காலை சித்தூரிலிருந்து என் சித்தி பெண் எனக்கே அதை அனுப்பியிருக்கிறாள். ‘பாத்தியா, உங்க பக்கத்துல நடக்கிற அநியாயத்த?’

ஆகையால்தான் இந்த வாரம் இந்தப் பக்கம் முழுவதும் ஷெட்டுக்கு. உங்களில் யாருக்காவது நாரையும் சிவப்பு வட்டமுமாக ஒரு படம் வந்தால், அந்தக் கோட்டுக்குள் நானூற்று அறுபத்திரண்டு அடி இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

லென்ஸை நான் குறை சொல்லவில்லை. உண்மையில் எந்த டெலிபோட்டோ லென்ஸும் பொருள்களை நெருக்கி வைப்பதில்லை. நாம் எட்ட நிற்கிறோம். எட்ட நிற்பதால்தான் அவை ஒட்டினாற்போலத் தெரிகின்றன. லென்ஸ் அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் கொடுக்கிறது. கூடவே அத்தனை தெளிவு! தெளிவாக இருப்பதால்தான் நம்பிவிடுகிறோம். நானும் எல்லோரையும்போல 2.8-ல் வைத்திருந்தால் ஷெட் கலங்கிப்போயிருக்கும், யாருக்கும் ஒன்றும் தோன்றியிருக்காது. பின்னால் இருப்பதும் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டவள், தெரிந்ததைப் போய்ப் பார்க்கவில்லை. எத்தனை குடும்பங்களைப் பற்றி, எத்தனை மனிதர்களைப் பற்றி நான் இப்படி உட்கார்ந்த இடத்திலிருந்தே தெளிவாகத் தெரிந்து வைத்திருக்கிறேன்... எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமையில் ஒன்று பாக்கி இருக்கிறது.

பதினோரு மணிக்கு ஆட்டோவில் பாவு வந்தது. நான் கிளம்பத்தான் பையை மாட்டினேன். ஏகாம்பரம் கூப்பிட்டார்.

“அவ்ளோ தூரத்துலேர்ந்து புடிச்சல்ல? வந்ததுதான் வந்த, உள்ள வந்து புடி.”

உள்ளே இரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தது. பேச முடியாத சத்தம். நிற்கிற இரண்டு தறிக்கு நடுவில் ஒன்றரையடிச் சந்து. செல்வி அதில் உட்கார்ந்து, பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியை இழை இழையாக முறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். கேமராவைத் தூக்கினேன். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடியது; ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவது ஸ்விட்ச்! மூன்று மீட்டருக்குள் தேடாதே என்று நானே சொல்லி வைத்திருந்தேன். மாற்றினேன். அப்போதும் ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி கேட்டது. பின்னால் நகர்ந்தேன். முதுகு அடுத்த தறியில் இடித்தது.

ஏகாம்பரம் என் காதருகே வந்து கத்தினார். “அவ்ளோ பெரிய பீரங்கி, இதுக்கு ஒதவாதா?”

உதவவில்லை. லென்ஸைப் பைக்குள் வைத்துவிட்டு, போனை எடுத்து, செல்வியின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து எடுத்தேன். அவர் விரல் கொஞ்சம் கலங்கித்தான் விழுந்தது. இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து நோட்டில் வரி எழுதினேன். தேதி, நேரம், இடம். ‘எங்கே நின்றேன்’ என்ற கட்டத்தில் இந்த முறை ஒரே ஒரு சொல் — உள்ளே.